முனி ஓட்டத்தின் மேல் நான் போட்ட கோடு

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லெட்சுமி அக்கா போன் செய்தார். நான் இட்லிப் பானையைத் துலக்கிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரில் படிக்கும் என் மகள் யாழினி விடுமுறைக்கு வந்திருந்தாள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்றார் அக்கா.

இந்த நாட்டில் காலைச் சாப்பாட்டை இப்படித்தான் விசாரிப்பார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஈப்போவில் புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது, மாமியார் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் இதையே கேட்க, என்னைப் பார்த்தால் பட்டினி கிடந்தவள் மாதிரியா இருக்கிறது என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வீட்டுல மூணு வேளையும் சோறுதானுங்க" என்று ஒருவரிடம் சொல்லியும் தொலைத்தேன். அவர் இன்றுவரை என்னைக் கண்டால் சிரிக்கிறார்.

"ஆச்சுக்கா. சொல்லுங்க."

"இங்க பக்கத்து வீட்டுப் புள்ளைய நான்தான் பாத்துக்கிறேன்லா. அதுக்குச் சேலைத் தொட்டில் கட்டியிருக்கேன். புள்ள இப்ப அதுல இல்ல, பாயில கெடக்கு. சன்னல் மூடியிருக்கு. காத்தாடி ஓடல. தொட்டில் ஆடுது."

என் கை நின்றுவிட்டது. "எப்படி ஆடுது?"

"நாம ஆட்டுற மாதிரி இல்ல. தலமாட்டுலேருந்து கால்மாட்டுக்கு. அன்னிக்கு ஆடுச்சே, அதே மாதிரி. என்ன செய்யட்டும்? நீங்கதான் சொல்லணும்."

அக்காவும் அந்தப் பிள்ளையும் நலம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆளைத் தவிக்கவிட்டு எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமானால், சரியாக ஒரு வருடத்துக்கு முன் நான் செய்த தப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

2

எனக்குத் திருச்செங்கோடு. ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும் அங்கே நிற்கும் ரிக் வண்டியின் நெற்றியில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கும். அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் எட்டு மாதம் வெளிமாநிலம். மீதி நாலு மாதமும் காது மந்தம்.

நான் எட்டாவது படித்தபோது அப்பா உள்ளூரிலேயே ஒரு தோட்டத்தில் போர் போட்டார். கம்பிரசர் காற்றைக் கீழே விட்டதும், முப்பதடி தள்ளி இருந்த கிணறு சிவனே என்று கிடந்தது. நாலு தோட்டம் தள்ளி இருந்த இன்னொருவர் கிணறு குபுகுபுவென்று கொப்பளித்துச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது. அந்த ஆள் அரிவாளோடு வந்தார். "உங்க கெணத்த நான் தொட்டனுங்களா? பாறைக்குள்ள வெடிப்பு எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. நிலவியல் படித்தேன். பிறகு கல்யாணம். கணவர் சிவநேசனின் முன்னோர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குக் கணக்கு எழுத வந்தவர்கள். அவருக்கு அரசாங்க மருந்தகத்தில் வேலை. எனக்கு இங்கே கல்லுடைக்கும் சுண்ணாம்பு மலைகளில் வேட்டு வைத்தால் பக்கத்து வீடுகள் எவ்வளவு அதிர்கின்றன என்று அளக்கும் சிறிய கம்பெனியில் வேலை கிடைத்தது. ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் மலைக்கும் பஞ்சமில்லை, வேட்டுக்கும் பஞ்சமில்லை.

ஒரு நாள் வேறு மாதிரி வேலை வந்தது. ஈப்போவுக்கு வடக்கே முக்கால் மணி நேரத்தில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதன் அருகே ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், இரண்டு ஆழமான துளைகள் போட்டிருந்தது. ஒரு துளை வழியாகக் குளிர்ந்த தண்ணீரை அழுத்தி இறக்குவது, அது கீழே இருக்கும் சூட்டுப் பாறையில் காய்ந்ததும் மறு துளை வழியாக எடுத்து மின்சாரம் செய்வது. அது சோதனைக் கட்டம்தான். தண்ணீரை அழுத்தும்போது நிலம் அதிர்கிறதா என்று பார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். டிபன் பாக்ஸ் அளவுக் கருவிகளை ஐந்து இடங்களில் புதைத்தோம்.

3

துளையடியில்தான் அதிரும் என்று காத்திருந்தோம். துளையடியில் ஒன்றுமில்லை. மனிதருக்குத் தெரியாத அளவில், முதல் அதிர்வு ஒரு கிலோமீட்டர் தள்ளி, செம்பனை என்று இங்கே சொல்லும் எண்ணெய்ப் பனைக் காட்டுக்கு அடியில் வந்தது. என் கணினியில் ஒரு புள்ளி. நாலு நாள் கழித்து இன்னொரு புள்ளி, கொஞ்சம் தெற்கே. பிறகு இன்னும் தெற்கே. ஒரு மாதத்தில் திரையில் புள்ளிகள் வரிசையாக நின்றன. அவசரமே இல்லாமல் யாரோ ஒருவர் நடந்துபோன காலடிகள் மாதிரி இருந்தது. காலையில் ஆபீசுக்குப் போனதும் இன்று எங்கே கால் வைத்திருக்கிறது என்று பார்ப்பேன். 

பூமிக்குள் பழைய பிளவுகள் எத்தனையோ இருக்கின்றன. அவை இறுகிப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே போனால் பிடி தளர்ந்து நழுவும். அந்த நழுவல்தான் அதிர்வு. ஆனால் பக்கத்தில் இருப்பதுதான் நழுவும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எந்தப் பிளவு எந்தப் பிளவோடு சேருகிறது, எது எந்தத் திசையில் கிடக்கிறது, எது ஏற்கெனவே நழுவத் தயாராக இருக்கிறது என்பதெல்லாம் நாம் பிறக்கும் முன்பே முடிவாகிவிட்டது. மேலே நாம் குழாயைத் திருகுகிறோம், அவ்வளவுதான். இந்தப் பிளவோ எந்த வரைபடத்திலும் இல்லாதது.

புள்ளிகள் போன திசையில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம் இருந்தது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்து வருடங்களாகிவிட்டன. பால் வெட்டியவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் காலி. ஆறு குடும்பங்கள் மட்டும் போக இடமில்லாமல் இருந்தன. அங்கேதான் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயது, பால்வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த வலது கை, எதற்கும் பதறாத குரல்.

லயத்து வீட்டு வரிசை நடுவில் ஓரிடத்தில் அறுந்து, இருபதடிச் சந்து விட்டு மறுபடி தொடங்கியது. சந்தின் கடைசியில் ஒரு முனீஸ்வரர் கோயில். தகரக் கூரை, சூலம், பாதி எரிந்த சுருட்டு.

"ஏன்க்கா இங்க மட்டும் வீடு இல்ல?"

"இது முனி ஓட்டம் தங்கச்சி. மத்தியானம் உச்சியில இது வழியா நடந்து போவாரு. வீடு கட்டக்கூடாது. தண்ணித் தொட்டி, கோழிக்கூடு ஒண்ணும் வெக்கக்கூடாது. குறுக்க நின்னா அடிச்சிரும்."

முனி போகும் வழியில் மனை எடுக்காத வழக்கம் நம் பக்கமும் உண்டுதானே. சிரித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். கடைசிப் புள்ளியிலிருந்து வரிசையை நேராக நீட்டினேன். கோடு அந்தச் சந்தின் வழியாகப் போயிற்று. 

அங்கேதான் நான் கெட்டேன். அந்தப் பொருத்தம் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. ஐந்து கருவிகளை வைத்துக்கொண்டு அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது என்று தெரியும். தெரிந்தும் பேனாவை அழுத்திக் கோடு போட்டேன்.

4

இரண்டு வாரத்தில் தோட்டத்து ஆட்களுக்கே அதிர்வு தெரிய ஆரம்பித்தது. பட்டப்பகலில், அலமாரியில் தட்டுகள் தாமாகச் சிணுங்கின. சந்தில் படுக்கும் நாய்கள் அங்கே படுப்பதை விட்டன. "சத்தம் மொதல்ல காதுக்கு வரல. காலுக்கு வந்துச்சு. கீழ யாரோ மரப்பெட்டிய இழுக்குற மாதிரி" என்றார் அக்கா.

நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். "உங்க முனி ஓட்டமும் என் கோடும் ஒண்ணேதான்க்கா" என்றேன், பெருமையாக. சந்தை ஒட்டிய மூன்று வீட்டுக்காரர்களும் வேறெங்காவது மாற வேண்டும் என்றேன்.

"எங்க போறது? ஆயாக்கொட்டகையில இருக்கலாமா?"

தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப்போன செங்கல் கட்டடம் அது. சந்திலிருந்து இருநூறு அடி தள்ளி. தொட்டில் மாட்டிய இரும்புக் கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் வரிசையாக இருந்தன. நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். "தாராளமா இருக்கலாம்" என்றேன்.

அறிக்கையும் எழுதினேன். நிறுவனம் யோசித்து, தண்ணீர் இறக்குவதை நிறுத்தியது. எங்கள் முதலாளி எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அக்கா போன் செய்தார். "அந்தத் தண்ணி எறக்குற கெணத்த மூடிட்டாங்க தங்கச்சி! வெள்ளிக்கெழம முனிக்குப் பொங்க வெக்கிறோம். மழ பெய்யுது, அதனால ஆயாக்கொட்டகையிலயே. கட்டாயம் வாங்க."

வெள்ளிக்கிழமை எனக்கு விசா கொடுக்கும் குடிநுழைவு அலுவலகத்தில் நேர்காணல், வர முடியாது என்றேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தண்ணீரை நிறுத்தினாலும், உள்ளே போன அழுத்தம் நிற்காது. அது பிளவோடு தொடர்ந்து நகரும். பல இடங்களில் பெரிய அதிர்வு குழாயை மூடிய பிறகுதான் வந்திருக்கிறது. இது எங்கள் படிப்பில் பாலபாடம். வந்தாலும் ஆளில்லாத சந்தில்தானே வரப்போகிறது, எதற்கு அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

5

வெளிநாட்டு மனைவிகளின் வாழ்க்கை உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை விசாவைப் புதுப்பிக்கும்போதும் கணவர் கூட வந்து, ஆமாம், இவள் இன்னும் என் மனைவிதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டு மூன்று வருடம் காத்து, அந்த வெள்ளிக்கிழமைதான் நேர்காணல். சிவநேசன் புதுச்சட்டை போட்டிருந்தார். கையில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

சும்மா உட்காரப் பிடிக்காமல் மடிக்கணினியைத் திறந்தேன். அதற்கு முந்தைய வாரம் தோட்டத்துக்குள்ளேயே இரண்டு கருவிகள் கூடுதலாகப் புதைத்திருந்தேன். அவற்றையும் சேர்த்து எல்லாப் புள்ளிகளையும் மறுபடி கணக்கிட முந்தைய நாள் கணினிக்குக் கொடுத்திருந்தேன், அது அப்போதுதான் முடிந்திருந்தது.

பழைய வேட்டி கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நேராகக் கிழியாது. கொஞ்ச தூரம் போகும், நிற்கும், இரண்டு விரல் தள்ளி மறுபடி தொடங்கி அதே திசையில் போகும். கீழே இருந்த பிளவும் அப்படித்தான் இருந்தது. புள்ளிகள் சந்துக்குப் போகவேயில்லை. தோட்டத்து எல்லையில் நின்று, கிழக்கே தள்ளி மறுபடி தொடங்கியிருந்தன. குழாயை மூடிய பிறகு வந்த ஒன்பது புள்ளிகள் இருந்தன. அவற்றை யாரும் தள்ளவில்லை, தாமாக நடந்தவை. ஒன்பதும் ஆயாக்கொட்டகைக்கு நேர் அடியில்.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தது யாரோ, உறுமி மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

"கார்ச் சாவியக் குடுங்க" என்றேன்.

சிவநேசன் திகைத்தார். "அடுத்த நம்பர் நமக்குத்தான். மூணு வருஷம் காத்திருந்தோம்லா!"

"நான் சொன்னேன்னுதான் அந்த ஜனங்க அங்க இருக்காங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தார். "போ. நான் இங்க நின்னு பேசிப் பாக்குறேன்." நான் வாசலைத் தாண்டும்போது எங்கள் எண்ணை மலாயில் கூப்பிடுவது கேட்டது.

6

பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மழை விட்டிருந்தது. ஒரு பனை ஓலைகூட அசையவில்லை. குருவிச் சத்தமும் இல்லை. உள்ளே பதினெட்டுப் பேர். நடுவில் அடுப்பில் பொங்கல் பானை. உத்தரத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டி ஒரு குழந்தையைப் போட்டிருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். சந்துல இல்ல, இங்கதான்."

மேளம் நின்றது. லெட்சுமி அக்காவின் அண்ணன் மாரிமுத்து சிரித்தார். கோயில் பூசாரி அவர்தான். "மேடம், முனி ஓட்டம் அங்க இருக்கு. நீங்களே கோடு போட்டுக் காமிச்சீங்க. இப்ப இங்கன்னா எப்படி?"

"அந்தக் கோடு தப்புண்ணே."

"பொங்கி வராம அடுப்ப எறக்கக் கூடாது. பத்தே நிமிஷம்லா. இருங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நேற்று வரை நான்தானே அந்தத் தைரியத்தை அவருக்குக் கொடுத்தேன். லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாமி மொதல்ல எங்க இருந்துச்சு?" என்றார்.

மாரிமுத்து அடுப்பில் விறகைத் தள்ளினார். அக்காவே தொடர்ந்தார்.

"இங்கதான இருந்துச்சு. ஆயாக்கொட்டகை கட்டணும், எடுங்கன்னு தொர சொல்லிட்டாரு. நம்ம அப்பாதான் பிடிமண் எடுத்துட்டுப் போயி அங்க வெச்சாரு. அப்புறம்தான அங்க சந்து விட்டு லயம் கட்டுனாங்க. அம்மா சொல்லும்லா."

கோயிலை இடம் மாற்றும்போது பழைய இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் புது இடத்தில் வைத்தால் சாமி கூடவே வந்துவிடும் என்பது நம்பிக்கை. சாமியோடு அதன் வழியும் வந்துவிட்டதாக எண்ணி அங்கே சந்து விட்டிருக்கிறார்கள்.

"நாம சாமிய மாத்துனோம். ஓட்டத்த யாருண்ணே மாத்துனா?" என்றார் அக்கா. பிறகு தாழ்ந்த குரலில், "நான் இங்க வளந்த புள்ள. உச்சி வேளையில எல்லாத் தொட்டிலும் சேந்து ஆடும். தலமாட்டுலேருந்து கால்மாட்டுக்கு. ஆயா வேப்பில சொருகி வெக்கும். சின்னப் புள்ளயா இருந்தப்ப கனவு கண்டேன்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."

குழந்தையின் தாய் சட்டென்று போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். வெறும் சேலை தொங்கியது. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்தோம். அது மெதுவாக ஆடத் தொடங்கியது, நீளவாக்கில்.

யாரும் கத்தவில்லை. வரிசையாக வெளியே போனார்கள். மாரிமுத்து அடுப்பை அணைத்தார். அக்கா முந்தானையால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். விடிகாலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுக்கும் பெரட்டுக் களம் எதிரிலேயே வெட்டவெளியாகக் கிடந்தது. அங்கே போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் என் காலுக்கு வந்தது. மரப்பெட்டி இழுக்கும் சத்தம்தான். அக்கா சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆயாக்கொட்டகையின் நீளச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. கூரை அதன் மேல் உட்கார்ந்தது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பொங்கல் அன்றைக்குப் பொங்கவேயில்லை.

7

அதன் பிறகு எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பிளவு இருக்கும் இடத்தில் நீர் கசியும், கசிவு இருக்கும் இடத்தில் பெரிய மரம் நிற்கும், பெரிய மரத்தடியில் முனியை வைப்பார்கள். ஆகவே கோயில் பிளவின் மேல் அமைந்ததில் அதிசயமில்லை. மிகச் சிறிய அதிர்வுகள் தொட்டிலின் வீச்சோடு ஒத்துப்போனால் தொட்டில் ஆடும். எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தொட்டில் ஆடிய நிமிடங்களில் என் ஏழு கருவிகளிலும் ஒன்றும் பதிவாகவில்லை. எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

என் மனு காலாவதியானது. வராததற்குக் காரணம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நிலநடுக்கம் என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, 'சாபார்', பொறுமையாக இருங்கள் என்றாள். மறுபடி முதலிலிருந்து மனுப் போட்டிருக்கிறேன். யாழினிக்கு இதெல்லாம் வேடிக்கை. அவளுக்குத் திருச்செங்கோடு 'உங்க ஊரு'. ஈப்போவே அவளுக்கு மெல்ல 'உங்க ஊரு' ஆகிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்து ஆறு குடும்பங்களுக்கும் ஈப்போவுக்குத் தெற்கே லகாட் பக்கம் அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. கிளம்பும்போது மாரிமுத்து பிடிமண் எடுக்கக் குனிந்தார். அக்கா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "வேணாம்ணே. மண்ணு வந்தா ஓட்டமும் வரும். அது இங்கயே இருக்கட்டும்."

போன ஞாயிற்றுக்கிழமை போனில் தொட்டிலைப் பற்றிச் சொல்லிவிட்டு அக்கா இன்னொன்றும் சொன்னார். "நேத்துதான் தெரியும் தங்கச்சி. அண்ணன் ஒரு மைலோ டப்பாவுல கொஞ்சம் மண்ணு கொண்டாந்து வெச்சிருக்காரு. ஒரு வருஷமா இங்கதான் இருந்திருக்கு."

அவரை நான் எந்த வாயால் திட்டுவது? என் சாமி அலமாரியிலும் பவுடர் டப்பா ஒன்றில் எங்கள் குலதெய்வக் கோயில் மண் இருக்கிறது. விமான நிலையத்தில் கேட்டபோது விபூதி என்று பொய் சொல்லிக் கொண்டுவந்தது.

கணினியைத் திறந்து பார்த்தேன். லகாட் பக்கம் ஒரு புள்ளியும் இல்லை. அங்கே எனக்குக் கருவியும் இல்லை. 'அவ்வளவு தூரம் வராதுக்கா, பயப்படாதீங்க' என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. படித்தவள் சொல்லக்கூடிய வாக்கியம்.

"எனக்குத் தெரியலக்கா" என்றேன். "புள்ளையத் தூக்கிட்டுக் கீழ எறங்கி வெட்டவெளியில நில்லுங்க. அக்கம்பக்கத்துலயும் சொல்லிட்டுப் போங்க."

 "இந்தத் தடவ உங்கள நம்பலாம் போல இருக்கு" என்றார்.

போனை மேசையிலேயே விட்டுவிட்டார் போலிருக்கிறது. பிள்ளையின் சிணுங்கல், கதவுகளைத் தட்டும் சத்தம், படியிறங்கும் செருப்புகள் எல்லாம் வரிசையாகக் கேட்டு ஓய்ந்தன. அதற்குப் பிறகும் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தொட்டில் மாட்டிய இரும்புக் கொக்கி கிறீச்சென்று போய், நின்று, கிறீச்சென்று திரும்பும் சத்தம்.

யாழினி தூக்கக் கண்ணோடு வந்து, "யாரும்மா போன்ல?" என்றாள். நான் போனை அவள் காதில் வைத்தேன்.